மாதம்மா சொன்னதை அழித்த வரி

ரகு,

நலமா என்று கேட்டுத் தொடங்க இந்தத் தடவை மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், எனக்குப் பிரச்சினையே அதுதான். வாட்ஸாப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாய். போனில் பேசினால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்பாய். அதனால் காகிதத்தில் எழுதி பெங்களூருக்குக் கூரியரில் அனுப்புகிறேன். இதில் ரகசியம் எதுவும் இல்லை. உன் அப்பா படித்துவிட்டார், உன் அக்காவுக்கு ஒரு பிரதி போகிறது, கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் யார் கேட்டாலும் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை நீ புது வேலைக்காக ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாய். அதற்கு முன் நீ கொள்ளேகால் பக்கம் இருக்கும் ஹனூருக்குப் போக வேண்டும். அங்கே மாதம்மா என்ற பெண்ணின் வீட்டில், அவள் புருஷனும் மைத்துனரும் கேட்க, "இவங்க சொன்னாங்க, நான் செஞ்ச சாஃப்ட்வேர்தான் அதை அழிச்சிடுச்சு" என்று சொல்ல வேண்டும். இதை உன்னிடம் ஏற்கெனவே வாயால் கேட்டாயிற்று. நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு உன்மேல் அருவருப்பாக இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பற்றி எழுதக் கூடிய வார்த்தையா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். வேறு வார்த்தை அகப்படவில்லை.

உன் அப்பாவின் குடலிறக்க ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. வார்டில் சிஸ்டர் கையில் ஒரு டேப்லெட் வைத்திருந்தார். அதன் அடியில் உன் கம்பெனி பெயரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "இது என் மகன் டீம் செஞ்சது, அவன்தான் லீட்" என்று கன்னடத்தில் அவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அதோடு நிற்காமல், அடுத்த கட்டிலில் இருந்த சின்னச்சாமிக்குத் துணையாக வந்திருந்த மாதம்மாவிடமும் தமிழில் சொன்னேன். மாதம்மாவை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓயாமல் பேசுவாள். உன் சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, எங்களுக்குச் சொந்த வீடா என்று விசாரித்துவிட்டு, நம் பிளாஸ்கில் இருந்த வெந்நீரைக் கேட்காமலே ஊற்றிக்கொள்வாள். புருஷனுக்குச் சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். புண்ணைச் சுத்தம் செய்து தைப்பதற்காக ஹனூரிலிருந்து கூட்டி வந்திருந்தாள். கன்னடம் புரியும், பேசத்தான் தடுமாறுவாள்.

சிஸ்டர் வந்து எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டபோது மாதம்மா என் பக்கம் திரும்பினாள். "அக்கா, கொள்ளேகால்ல ஒருக்கா பென்சிலின் ஊசி போட்டாங்க, மூஞ்செல்லாம் பூசணிக்கா மாதிரி வீங்கிப் போச்சுங்க. அத இவுங்ககிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க" என்றாள். நானே கன்னடத்தில் சொன்னேன். சிஸ்டர் டேப்லெட்டில் தட்டியதை என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் காலை சின்னச்சாமியின் தம்பி ஊரிலிருந்து வந்தார். அவர் தன் பங்குக்கு, மூட்டு வலி மாத்திரை அண்ணனுக்கு ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும் என்றார். அதையும் சிஸ்டர் தட்டிக்கொண்டார். நம் பக்கத்து மனிதர்கள் ஆஸ்பத்திரியில் இப்படித்தான் பேசுவார்கள், உனக்குத் தெரியாதா? சேர்க்கும்போது ஒன்று நினைவுக்கு வரும், கட்டிலில் படுத்த பிறகு இன்னொன்று, சாப்பாடு கொண்டுவந்த கொழுந்தன் சொல்லும்போது வேறொன்று. ஒரு குடும்பமே தவணை முறையில் சொல்லி முடிக்கும். உன் அப்பா இருக்கிறாரே, டாக்டர் அறையை விட்டு வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் அவருக்கு நெஞ்சு எரிச்சல் ஞாபகம் வரும்.

அன்று மத்தியானம் சின்னச்சாமிக்கு ஊசி போட்டார்கள். பென்சிலின் வகை மருந்து. கொஞ்ச நேரத்தில் அவருக்கு உதடு தடித்தது, இமைகள் வீங்கிக் கண் மூடிக்கொண்டது, மூச்சை இழுக்க முடியாமல் மார்பு தூக்கிப் போட்டது. டாக்டர்கள் ஓடிவந்து காப்பாற்றி ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார், அந்த மட்டும் நல்லது. ஆனால் எல்லோரும் மாதம்மாவின் மேல் பாய்ந்தார்கள். "மொதலே ஹேள்பேக்கல்லம்மா" என்றார் டியூட்டி டாக்டர், முன்னாலேயே சொல்ல வேண்டியதுதானே என்று. "சொன்னனுங்க, சொன்னனுங்க" என்றாள் அவள். மைத்துனர் வார்டு நடுவில் நின்றுகொண்டு, "நான் மாத்திரைய ஞாபகமாச் சொன்னேன். கட்டின பொண்டாட்டி, உனக்கு ஊசி ஞாபகம் வல்லியா?" என்று கத்தினார். நான் குறுக்கே புகுந்து, நான்தான் மொழிபெயர்த்தேன், இந்த சிஸ்டர்தான் எழுதிக்கொண்டார் என்றேன். சிஸ்டர் டேப்லெட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வாமை என்ற இடத்தில் மூட்டு வலி மாத்திரை மட்டும் இருந்தது. பென்சிலினைக் காணோம். மைத்துனர் அதை எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு மாதம்மா பேசவே இல்லை. அவ்வளவு பேசும் பெண் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உன் அப்பாவுக்கும் பென்சிலின் ஆகாது, அதைச் சேர்க்கும்போதே சொல்லியிருந்தோம். சிஸ்டரிடம் டேப்லெட்டில் அப்பாவின் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன், இருந்தது. "இவருக்கு மீனும் ஒத்துக்காது, அதையும் சேருங்க" என்றேன். உன் அப்பா பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதில்லை, கட்டிலில் படுத்தபடி என்னை ஒரு மாதிரி பார்த்தார். சிஸ்டர் தட்டினார். மீன் வந்தது, பென்சிலின் போய்விட்டது. ஒரு எச்சரிக்கை இல்லை, நிச்சயமா என்று ஒரு கேள்வி இல்லை. சிஸ்டர் என்னைப் பார்த்தார். இது என் மகன் செய்தது என்று நான் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும், ஆனால் பண்பானவர், அதைச் சொல்லவில்லை. "ஐடி செக்ஷன்ல நாங்க சொன்னா கம்பெனியக் கேக்கணும்பாங்க மேடம், கம்பெனியே ஒத்துக்கிட்டாத்தான் ஏதாவது நடக்கும்" என்று மட்டும் சொன்னார். பிறகு பென்சிலினை மறுபடி தட்டி, சிவப்புப் பேனாவால் அப்பாவின் கட்டில் அட்டையிலும் எழுதினார்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், நீ பொறுத்துக்கொள். நான் ஓய்வு பெறும் வரை பார்த்த வேலை புத்தகங்களையும் ஆய்விதழ்களையும் கம்ப்யூட்டர் படித்துப் பிரித்தறியும் எக்ஸ்எம்எல் கோப்புகளாக மாற்றுவது. அதில் தகவலை இரண்டு விதமாக வைக்கலாம். எலிமெண்ட் என்பது ஒரு டப்பா, அதற்குள் எத்தனை சின்ன டப்பாக்களை வேண்டுமானாலும் அடுக்கலாம். ஆட்ரிபியூட் என்பது டப்பாவின் மேல் ஒட்டும் சீட்டு. ஒரு பெயரில் ஒரே ஒரு சீட்டுத்தான் ஒட்ட முடியும். பெயர், வயது, ரத்த வகை எல்லாம் ஓர் ஆளுக்கு ஒன்றுதான், அவற்றைச் சீட்டில் எழுதினால் தப்பில்லை. ஒவ்வாமை அப்படியா? ஒருவருக்கு எத்தனை வேண்டுமானாலும் இருக்கும், அதை டப்பாவுக்குள்தான் வைக்க வேண்டும். எக்ஸ்எம்எல்லைக் கையாள யாரோ நன்றாகச் செய்து வைத்திருக்கிற லைப்ரரி, அதாவது ஆயத்தக் கட்டளைகளின் தொகுப்பு, ஒன்றைத்தான் நீயும் பயன்படுத்துகிறாய். அதில் ஆட்ரிபியூட்டுக்கு மதிப்பு கொடுக்கும் கட்டளையை அதே பெயரில் இரண்டாம் தடவை கொடுத்தால், பழையதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை எழுதும். அப்படித்தான் எழுதும் என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. லைப்ரரி மேல் ஒரு குற்றமும் இல்லை, ஒவ்வாமையை நீ சீட்டில் எழுதியதுதான் குற்றம். ஒவ்வாமைக்கென்று ஒவ்வொரு தடவையும் புது எலிமெண்ட் செய்து உள்ளே சேர்த்திருந்தால் மாதம்மா சொன்னதும் இருந்திருக்கும், மைத்துனர் சொன்னதும் இருந்திருக்கும்.

அப்பா வீடு திரும்பிய பிறகு நீ வந்தாய். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே நான் சொன்னதை எல்லாம் கேட்டாய். கேட்டதும் உனக்குச் சாப்பாடு இறங்காது என்று நினைத்தேன். நீ சட்னி கேட்டாய். அப்புறம் லேப்டாப்பைத் திறந்து, ஒவ்வாமையைச் சீட்டில் எழுதும் அந்த வரியைக் காட்டினாய். உனக்கு முன்பே தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன் குழுவில் சோதனை பார்க்கும் ஷில்பா என்ற பெண், ஒரே நோயாளிக்கு இரண்டாம் ஒவ்வாமை சேர்த்தால் முதலாவது போய்விடுகிறது என்று எழுதி வைத்திருந்தாள். அதற்குக் கீழே உன் பதில் இருந்தது. "நோயாளி எல்லாவற்றையும் ஒரே தடவையில் தெரிவிப்பார் என்று கொள்ளப்படுகிறது, இது பிழையல்ல, முடிக்கப்பட்டது." யாரால் கொள்ளப்படுகிறது, ரகு? எந்த ஊரில், எந்த நோயாளி? நீங்கள் சோதனைக்கு வைத்திருந்த நோயாளி யார் என்று கேட்டேன். உன் அப்பா பெயரையே போட்டிருந்தாய். ஒவ்வாமை பென்சிலின், ஒரே தடவை, ஒரே மருந்து. உன் அப்பாவைச் செருப்பு மாட்டும்போது பார்த்தே வளர்ந்தவன் நீ, அவரை வைத்தே இரண்டாம் தடவை வாய் திறக்காத ஒரு நோயாளியைச் செய்து வைத்திருக்கிறாய்.

"அம்மா, அது நோன் இஷ்யூ, முன்னாடியே தெரிஞ்ச பிரச்சினைதான். எலிமெண்ட்டா மாத்தினா லேப், பார்மஸி, பிரிண்ட் எல்லாத்தையும் மாத்தணும். ரிலீஸ் ரெண்டு மாசம் தள்ளிப் போகும். டாக்டர் எப்படியும் பேஷண்ட்டக் கேக்கணும், அக்ரிமெண்ட்லயே இருக்கு" என்றாய்.

"அந்தாளுக்கு மூச்சு நின்னுபோயிருக்கும்டா."

"நிக்கல இல்ல? நான் இப்போ போய்ச் சொன்னா என்னோட ரிலீவிங் ஆர்டரை நிறுத்திடுவாங்க. ஜெர்மனி வேலை போயிடும். பிடும்மா."

பிடும்மா. விட்டுவிடு என்பதைக் கன்னடத்தில் சொல்வது நம் வீட்டுப் பழக்கம். பால் பொங்கி வழிந்தால், பஸ் தவறினால், கிரிக்கெட்டில் தோற்றால் சொல்வோம். ஹனூருக்குப் போய் மாதம்மாவுக்காக ஒரு வார்த்தை சொல் என்று கேட்டதற்குத்தான் நீ சிரித்தாய். "கஸ்டமர் வீட்டுக்குப் போய் ஸாரி கேக்கற வழக்கம் எங்க இண்டஸ்ட்ரில இல்ல" என்றாய். உன் தட்டைக் கழுவ எடுத்துப் போனேன். மிச்சம் வைத்திருந்த இட்லியைப் பார்க்கக் குமட்டிக்கொண்டு வந்தது. அப்படியே குப்பையில் கொட்டிவிட்டு, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது மேட்டூருக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? மலைப் பாதை வளைவுகளில் உனக்கு வயிறு புரட்டி, பாலாறு செக்போஸ்ட்டில் பஸ் நிற்பதற்குள் பக்கத்து சீட்டுப் பெரியவரின் பையில் வாந்தி எடுத்துவிட்டாய். எடுத்துவிட்டு உன் ஸ்வெட்டரைக் கழற்றி அதன் மேல் போட்டு மூடி, வெளியே குரங்கு பார்ப்பதுபோல் உட்கார்ந்துவிட்டாய். நாற்றம் பஸ் முழுக்க. உன் அப்பா அந்தப் பையை வாங்கிக்கொண்டுபோய்க் குழாயடியில் கழுவி, பெரியவர் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். பயந்துபோன குழந்தை என்று நாங்கள் அன்று உன்னைத் திட்டவில்லை. இன்றைக்கும் அதற்காக உன்னைத் திட்ட மாட்டேன். குழந்தைக்குப் பயம் இருக்கும், மூடத்தான் பார்க்கும். உனக்கு முப்பது தாண்டிவிட்டது. இப்போது ஸ்வெட்டருக்குப் பதில் அக்ரிமெண்ட்டைப் போட்டு மூடுகிறாய், அவ்வளவுதான் நீ வளர்ந்திருக்கிறாய்.

தப்பு செய்ததற்காக எனக்குக் குமட்டவில்லை, அதைப் புரிந்துகொள். இந்தத் தொழிலில் தப்பு செய்யாதவர் யாரும் இல்லை. எது சீட்டு, எது டப்பா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் எவ்வளவோ கெட்டிக்காரர்கள் சறுக்கியிருக்கிறார்கள். ஒரு பெண் சுட்டிக்காட்டியும் அதைப் பிழையல்ல என்று எழுதி மூடினாயே, அதுதான் குமட்டுகிறது. ஓர் ஆள் செத்துப் பிழைத்த பிறகும் அந்த வரியை அப்படியே விட்டாயே, அது குமட்டுகிறது. உன்னை வாழ்த்த வருகிறவர்களைப் பார்த்தாலும் இப்போது எனக்குப் பிடிக்கவில்லை. எதிர்வீட்டு மாமி கேசரி கொண்டுவந்து, "ஜெர்மனிக்காரனே கூப்பிடறான்னா உங்க பிள்ளை மூளையே மூளை" என்றார். அந்தக் கேசரியை என்னால் வாயில் வைக்க முடியவில்லை. வேலையைப் பற்றி உனக்கு ஒரு புத்தி சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். நீ எழுதுகிற எந்தக் கட்டளை எதை அழிக்கிறது என்று முதலில் கேள். எதைச் சேர்க்கிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள், உன் மேலதிகாரி அதற்குக் கை தட்டுவார். அழிந்ததைத் தேடிக்கொண்டு ஒருத்தரும் வர மாட்டார்கள், அதனால் அதை எழுதினவன்தான் பார்க்க வேண்டும்.

ரிலீவிங் ஆர்டர் கைக்கு வரட்டும் என்றாய். சரி, பிள்ளையின் எதிர்காலம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். போன வாரம் அது வந்தது. படம் எடுத்து அனுப்பினாய், கூடவே கேக்கும் பலூனும். இனிமேல் பேசுவாய் என்று தினமும் எதிர்பார்த்தேன். நீ அனுப்பியது விமான டிக்கெட்டும், என்னைச் செய்து வைக்கச் சொல்லிப் பொடிகளின் பட்டியலும்தான். அதற்குப் பிறகு எனக்குக் காத்திருக்கக் காரணம் இல்லை. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்காணிப்பாளரைப் பார்த்தேன். அந்த சிஸ்டரும் கூட வந்து, டேப்லெட்டில் மீன் கதையை மறுபடி செய்து காட்டினார். உங்களுக்கு எப்படி இவ்வளவு விவரமாகத் தெரியும் என்று கண்காணிப்பாளர் கேட்டார். எழுதியவன் என் மகன், அவனுக்கும் தெரியும் என்றேன். உன் பெயரைக் கேட்டார், சொன்னேன். என் எதிரிலேயே உன் கம்பெனிக்குப் போன் செய்தார், எல்லா வார்டுகளிலும் ஒவ்வாமையைக் காகிதத்தில் எழுத உத்தரவு போட்டார். உனக்கு இதற்குள் செய்தி வந்திருக்கும். கோபம் வந்தால் வரட்டும், அதை நான் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் மாதம்மாவின் காரியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அங்கிருந்து வந்ததும் அவளுக்குப் போன் செய்தேன். "நீங்க சொன்னது உண்மை மாதம்மா, மெஷின்லதான் அழிஞ்சுபோச்சு" என்றேன். அவள் சொன்னாள்: "எனக்கே சந்தேகமாப் போச்சுங்க அக்கா. நான் சொல்லவே இல்லியோ, கனவு கண்டனோன்னு. இங்க யாரும் என் கையில தண்ணி வாங்கிக் குடிக்கறதில்லீங்க. அவருக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கறதுகூட கொழுந்தனாருதான். நான் கொல்லப் பாத்தன்னு பேச்சு." நானே உங்கள் மைத்துனரிடம் பேசுகிறேன் என்றேன். போனை வாங்கிக்கொண்ட அவர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க பக்கத்துக் கட்டில்காரங்க, பழகின தோசத்துக்குப் பரிஞ்சு பேசறீங்க. அந்த மெஷினைச் செஞ்சவங்க வந்து சொல்லட்டுமுங்க, ஒத்துக்கறோம்" என்று வைத்துவிட்டார். மாதம்மா மறுபடி கூப்பிட்டாள். செய்தது யார் என்று என்னை அவள் கேட்கவே இல்லை, ரகு. வார்டில் நான்தான் பெருமை அடித்திருக்கிறேனே, அவளுக்கு மறந்திருக்காது. "தம்பி ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்கக்கா. திட்ட மாட்டோமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை இங்கே நம் ஊர் சப்அர்பன் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். நீ வந்தால் கொள்ளேகால் வழியாக இரண்டு பேருமாகப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம், நீ ஒரே ஒரு வாக்கியம்தான் பேச வேண்டும், என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் இந்தக் கடிதத்தின் முதல் பத்தியில் இருக்கிறது. நீ கேட்ட பொடிகளை அரைத்து, டப்பாவில் அடைத்து, எடை பார்த்து வைத்திருக்கிறேன். பருப்புப் பொடியில் பூண்டு போடவில்லை, உனக்குப் பிடிக்காது. அப்பாவின் பழைய ஸ்வெட்டர் ஒன்றும் துவைத்து மடித்து இருக்கிறது. சனிக்கிழமை நீ வராவிட்டாலும் அவை உனக்குத்தான், பெட்டியில் அப்பா எடுத்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமை உன்னை விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவும் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை நீ வராமல் போனால் ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடாதே, அன்று நான் வீட்டில் இருக்க மாட்டேன். ஹனூரில் மாதம்மா வீட்டில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பேன்.

அம்மா